ஒட்டுவாரொட்டியும் விடுதி வாழ்வும்

நோயின் பெயரே சில நேரங்களில் நோயைப் பற்றிய பாடமாக அமைந்துவிடுகிறது. 'இன்ஃபுளுயென்சா' என்பது இத்தாலிய மொழிச் சொல்லாகும். 'தாக்கம்' என்பது அதன் பொருள். விண்மீன்களின் தாக்கத்தால் இக்காய்ச்சல் வருகிறது என்று அந்நாட்டினர் ஒரு காலத்தில் கருதியமையால் இப்பெயர் ஏற்பட்டது. தமிழரோ தொற்றுநோய்களை 'ஒட்டுவாரொட்டி' என்றனர். தன்னை ஒட்டுவாரை ஒட்டிக்கொள்வது என்பது இதன் பொருள். முன்னைய பெயர் நோயின் காரணத்தை விண்ணில் தேடிற்று. பின்னைய பெயர் அதனை மனிதரின் நெருக்கத்தில் கண்டது. நெருக்கத்தால் வரும் நோயைத் தடுப்பதும் மனிதர் கையிலேயே உள்ளது. கல்லூரி மாணவர், குறிப்பாக விடுதி மாணவர், இவ்வுண்மையை எவ்வாறு பயன்கொள்ளலாம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் நோயும்

'காய்ச்சல் இளைஞரை ஒன்றும் செய்யாது' என்னும் எண்ணம் மாணவரிடையே பரவலாக உள்ளது. வரலாறு இதனை மறுக்கிறது. 1918ஆம் ஆண்டு பம்பாய்த் துறைமுகத்தின் வழியே நம் நாட்டினுள் புகுந்த இன்ஃபுளுயென்சா ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. முதியோரையும் குழந்தைகளையும் மட்டுமன்றி, இருபது முதல் நாற்பது வயதுக்கு உட்பட்டோரையும் அது பெருமளவில் கொன்றது. 1957ஆம் ஆண்டு மற்றொரு வகை இன்ஃபுளுயென்சா கப்பல் வழியே சென்னைத் துறைமுகத்திற்கு வந்து நாடெங்கும் பரவிற்று. 2009இல் எச்1என்1 வகைக் காய்ச்சல் உலகை வலம்வந்தது. 2020 மார்ச்சில் கொரோனா நோய் கல்லூரிகளின் கதவுகளையே அடைத்துவிட்டதை நாம் அறிவோம்.

இவை பெருங்கொள்ளை நோய்கள். ஆனால் ஆண்டுதோறும் வந்துபோகும் பருவக் காய்ச்சலும் எளிதாகக் கருதத்தக்கதன்று. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அது மிகுகின்றது. பருவத் தேர்வுகள் நெருங்கும் காலமும் அதுவே. மழைக்கு அஞ்சிச் சன்னல்களை அடைத்துக்கொண்டு ஓர் அறையில் நால்வர் கூடிப் படிக்கும் நாள்களில் ஒருவரின் இருமல் நால்வரின் காய்ச்சலாக மாறுகிறது.

பரவும் வழிகள்

தொற்றுநோய் மாணவரை அடையும் வழிகளை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, மூச்சுவழி. இன்ஃபுளுயென்சா, சின்னம்மை, காசநோய் ஆகியன இவ்வகையின. இன்ஃபுளுயென்சா கிருமி உடலிற் புகுந்த ஒன்று முதல் நான்கு நாள்களுக்குள் காய்ச்சல் தோன்றும். காய்ச்சல் தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அவர் பிறருக்கு நோயைத் தரவல்லவராகிறார் என்பது கருதத்தக்கது. ஆதலின் நோயாளியைக் கண்டபின் விலகுவது மட்டும் போதாது. சன்னலைத் திறந்துவைத்தல், இருமும்போது கைக்குட்டையாலோ முழங்கை மடிப்பாலோ வாயை மூடுதல் ஆகியன அன்றாடப் பழக்கங்களாதல் வேண்டும்.

இரண்டாவது, கைவழி. கதவுப்பிடி, மேசை போன்ற கடினப் பரப்புகளில் இன்ஃபுளுயென்சா கிருமி ஒரு நாளுக்கு மேலும் உயிர்ப்புடன் இருக்கக்கூடும். அவற்றைத் தொட்ட கை மூக்கையோ கண்ணையோ தொடும்போது கிருமி உட்புகுகிறது. 'மெட்ராஸ் ஐ' எனப்படும் கண்ணோயும் கையாலும் துண்டாலும் பரவுவதே. 1847இல் வியன்னா மருத்துவமனையில் செம்மல்வெய்ஸ் என்னும் மருத்துவர், பிண அறையிலிருந்து மகப்பேற்றுக் கூடத்திற்கு வந்த மருத்துவர்களும் மாணவர்களும் குளோரின் கலந்த நீரில் கைகழுவ வேண்டும் என விதித்தார். பிள்ளைபெற்ற தாய்மாரின் இறப்பு சில திங்களிலேயே பெரிதும் குறைந்தது. இன்று நமக்குச் சோப்பும் நீரும் இருபது நொடிப் பொறுமையும் போதும்.

மூன்றாவது, நீரும் உணவும். மஞ்சட்காமாலையின் ஒருவகையும் டைஃபாய்டும் வாந்திபேதியும் இவ்வழி வருவன. கொதிக்கவைத்து ஆறிய நீரே தக்கது. குவளையை வாயிற் படாமல் அண்ணாந்து குடிக்கும் நம் முன்னோர் வழக்கம் எச்சில் பரவாமல் காக்கும் நல்வழக்கமாகும். ஒரே சஹனில் கூடி உண்பது உறவை வளர்க்கும் பண்பு. எனினும் காய்ச்சலுற்றவர் அந்நாள்களில் தனித்தட்டில் உண்பது அவ்வுறவுக்கு அவர் செய்யும் மரியாதையேயாகும்.

தடுப்பும் மருத்துவமும்

இன்ஃபுளுயென்சா கிருமி தன் வடிவத்தை மாற்றிக்கொண்டேயிருப்பதால் அதற்கான தடுப்பூசியை ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டும். ஆஸ்துமா, நீரிழிவு போன்ற நோயுடைய மாணவர் இதுபற்றி மருத்துவரைக் கலந்துகொள்வது நலம். கடையில் தாமே வாங்கி விழுங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரைகள் இன்ஃபுளுயென்சாவைத் தீர்க்கமாட்டா; அவை பாக்டீரியாவை அழிப்பனவேயன்றி வைரசை அழிப்பன அல்ல. ஓய்வும் நீராகாரமும் இன்றியமையாதன. மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மனக்குழப்பம், தணிந்த காய்ச்சல் மீண்டும் ஏறுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவமனையை நாடல் வேண்டும். இருமல் இரு வாரத்திற்கு மேல் நீடித்தால் சளிச்சோதனை செய்துகொள்ளல் வேண்டும்.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து பேணுபவரையும் சேர்த்து மருத்துவத்தை நாற்கூறாகக் காண்கிறது. வீட்டில் அந்த நான்காம் கூறு தாய். விடுதியில் அவ்விடத்தை நிரப்ப வேண்டியவர் அறைத்தோழரே. முகக்கவசம் அணிந்து, கஞ்சியை வாசலில் வைத்துவிட்டேனும், வேளைதோறும் நலம் விசாரிப்பவரே உண்மைத் தோழர்.

வருகைப் பதிவேடும் நோயும்

இத்தனை அறிந்தும் மாணவர் காய்ச்சலோடு வகுப்பிற்கு வருவது ஏன்? அறியாமை மட்டும் காரணமன்று. நூற்றுக்கு எழுபத்தைந்து வருகை இல்லையேல் தேர்வெழுத இயலாதோ என்னும் அச்சமே பெருங்காரணம். ஒருவர் தம் வருகையைக் காத்துக்கொள்ளப் பத்துப்பேர் தம் வருகையை இழக்கின்றனர். எனவே இங்கு மாணவரை மட்டும் குறைகூறுதல் நேர்மையாகாது. நோயுற்ற நாள்களுக்கு விதி இடந்தரும் அளவிற்குச் சலுகை வழங்குதல், விடுதியில் காற்றோட்டமுள்ள தனியறை ஒன்றை நோயுற்றோர்க்கென ஒதுக்குதல், விட்டுப்போன பாடங்களை மீண்டும் நடத்துதல் ஆகியன ஆசிரியரும் நிருவாகமும் ஆற்ற வேண்டிய கடமைகளாகும். மருந்தின் துணையின்றியே காய்ச்சல் தணிந்து ஒரு முழுநாள் கழிந்த பின்னரே வகுப்பிற்குத் திரும்புதல் மாணவர் கடமை. சின்னம்மை கண்டவர் கொப்புளங்கள் யாவும் பொருக்குத் தட்டும்வரை தனித்திருத்தல் வேண்டும்.

முடிவுரை

ஒழுக்கம் என்றால் நாள்தோறும் வகுப்பிற்கு வருதல் என்றே மாணவர்க்குச் சொல்லிவந்துள்ளோம். நோயுற்ற நாளில் வாராதிருத்தலும் ஒழுக்கமே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய காலம் இது. ஒட்டி வாழ்வதே கல்லூரி வாழ்வின் இன்பம். அவ்வொட்டுறவு நிலைக்க வேண்டுமானால், சில நாள்கள் விலகியிருக்கவும் கற்றல் வேண்டும். விலகியிருப்பவரைத் தனிமைப்படுத்தாமல் பேணவும் கற்றல் வேண்டும். இவ்விரண்டும் கைவரப்பெற்ற விடுதியில், வந்த நோயும் பலரை ஒட்டாது விலகும்.