அதிசயத்துக்கு முன்பே வந்த சட்டங்கள்

ஜெர்மனியைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மூரில் ஒரு கதை தயாராக இருக்கும். போரில் தோற்றுத் தரைமட்டமான நாடு, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி உழைத்தது, பணம் குவிந்தது, பிறகு ஓய்வூதியம், குழந்தைப் பணம், மருத்துவக் காப்பீடு என்று மக்களுக்கு வாரி வழங்கியது. முதலில் வளர்ச்சி, அப்புறம்தான் நலத்திட்டம்; இலவசம் கேட்பவர்கள் பாடம் படிக்க வேண்டும் என்று கதை முடியும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் மட்டும் இடிக்கிறது.

நம்பிக்கை: நாடு பணக்கார நாடான பிறகுதான் நலத்திட்டங்கள் வந்தன.

மேற்கு ஜெர்மனி என்ற குடியரசு 1949 மே மாதம் பிறந்தது. அதற்கு முந்தைய ஜூனில் பழைய நாணயத்தைச் செல்லாததாக்கி, தலைக்கு 40 புது மார்க் கையில் கொடுத்துக் கணக்கைத் தொடங்கியிருந்தார்கள். 1949 செப்டம்பரில் கான்ராட் அடனாவர் பிரதமரானபோது அவருக்குத் தேவைப்பட்ட வாக்குகள் 202, கிடைத்ததும் 202. 1950 பிப்ரவரியில் வேலையில்லாதோர் ஏறக்குறைய 20 லட்சம் பேர். நகரங்கள் இடிபாடாகக் கிடந்தன. போலந்து, செக்கோஸ்லோவாக்கியா உள்ளிட்ட கிழக்குப் பகுதிகளிலிருந்து துரத்தப்பட்டு வந்த ஜெர்மானியர்கள் மட்டும் ஏறக்குறைய 80 லட்சம் பேர், பள்ளிக்கூடங்களிலும் தகரக் கொட்டகைகளிலும் யார் யார் வீட்டுப் பின்னறைகளிலும் ஒண்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்த நிலையில்தான் சட்டங்கள் வந்தன. 1950 ஏப்ரலில் முதல் வீட்டுவசதிச் சட்டம்: ஆறே ஆண்டுகளில் 18 லட்சம் வீடுகள் என்று இலக்கு வைத்தது. இலக்கைத் தாண்டியே கட்டினார்கள். 1953 முதல் ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்கும் மேல். 1950 டிசம்பரில் போரில் ஊனமுற்றவர்களுக்கும் விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் உதவித்தொகைச் சட்டம். இவற்றுக்கெல்லாம் பிறகு 1952 ஆகஸ்டில் வந்தது ‘லாஸ்டன்ஆஸ்க்ளைஷ்’. சுமையைச் சமமாகப் பங்கிடுவது என்று பொருள். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

குண்டு விழாத தெருவில் வீடு வைத்திருந்தவருக்கு எல்லாம் மிஞ்சியது; விழுந்த தெருக்காரருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. இருவரில் எவரும் குண்டு விழும் இடத்தைத் தீர்மானிக்கவில்லை. ஆகவே புது மார்க் புழக்கத்துக்கு வந்த 1948 ஜூன் 21 அன்று யாரிடம் என்ன சொத்து மிஞ்சியிருந்ததோ அதில் சரிபாதியை வரியாகக் கட்ட வேண்டும் என்றது சட்டம். சரிபாதி! இன்றைக்கு எந்த நாட்டிலும் இப்படி ஒரு மசோதாவைக் கொண்டுவந்தால் ஆட்சி மறுநாள் நிற்குமா என்பது சந்தேகம்.

சாமர்த்தியம் தவணையில் இருந்தது. பாதிச் சொத்தை ஒரே நாளில் எடுத்து வைக்கச் சொல்லவில்லை. 1979 வரை, 30 ஆண்டுகளுக்குக் காலாண்டுத் தவணை. கழிவுகள் போக ஒரு லட்சம் மார்க் சொத்துள்ளவர் 50,000 கட்ட வேண்டும். 120 தவணையாகப் பிரித்து, வட்டியைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் காலாண்டுக்கு 420 மார்க்குக்கும் குறைவு. தொழில் வளர்ந்து, விலைவாசி ஏறி, மார்க்கின் மதிப்பும் தேயத் தேய, பெரும்பாலோர் சொத்தை விற்காமல் வருமானத்திலிருந்தே கட்டி முடித்தார்கள். சொத்தின் மதிப்பையும் 1930களின் பழைய மதிப்பீட்டை வைத்தே பார்த்ததால் பணக்காரர்களுக்கு நோவு இன்னும் குறைந்தது. பணக்காரர்களை நொறுக்கிய புரட்சி என்று இதைச் சொல்வதும் தவறு, வெறும் கண்துடைப்பு என்று தள்ளுவதும் தவறு. காலப்போக்கில் ஏறக்குறைய 14,000 கோடி மார்க் இந்த வழியில் கைமாறியது.

வாங்கும் பக்கத்தில் வேறொரு சிக்கல். பத்திரம் இருந்த ஊரே இப்போது வேறு நாட்டில். போலந்துக்குப் போய்விட்ட சிலேசியாவில் எனக்கு இத்தனை ஏக்கர் நிலம் இருந்தது என்று ஒருவர் விண்ணப்பித்தால் உண்மையா பொய்யா என்று யாரைக் கேட்பது? இதற்கென்றே ‘சொந்த ஊர்த் தகவல் நிலையங்கள்’ அமைத்தார்கள். அந்தந்தப் பகுதியிலிருந்து வந்தவர்களையே அங்கு உட்கார வைத்து, யார் வயல் எங்கே இருந்தது, யார் பட்டறையில் எத்தனை பேர் வேலை பார்த்தார்கள் என்று விசாரித்துக் குறித்தார்கள். சட்டி பானை, கட்டில், அலமாரி போனதற்குக்கூடத் தனி இழப்பீடு உண்டு. பலருக்கும் முதலில் கைக்கு வந்த பணம் அதுதான். பெரிய இழப்புகளுக்கு மட்டும் விகிதம் குறைந்துகொண்டே போனது. நூறு ஏக்கர்க்காரருக்கு நூறு ஏக்கர் திரும்பவில்லை.

இதெல்லாம் ஆட்சியாளர்களின் கருணையா? வாக்குக் கணக்கும் இருந்தது. ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில் மூன்றில் ஒருவர் அகதி. 1950 ஜனவரியில் அங்கே அகதிகள் கட்சி ஒன்று உருவானது. ஜூலைத் தேர்தலிலேயே 23.4 சதவீத வாக்கு வாங்கியது. தலைநகர் பானில் ஆட்சியில் இருந்தவர்களுக்குத் தூக்கம் கலைய அது போதும். 1953-ல் அக்கட்சியின் தலைவர்கள் அடனாவரின் அமைச்சரவையிலேயே உட்கார்ந்தார்கள்.

நம்பிக்கை: எல்லாம் அமெரிக்கப் பணம்.

மார்ஷல் திட்டத்தில் மேற்கு ஜெர்மனிக்குக் கிடைத்தது ஏறக்குறைய 140 கோடி டாலர். பிரிட்டனுக்குக் கிடைத்தது அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பணம் மட்டுமே மந்திரம் என்றால் பிரிட்டன் அல்லவா முந்தியிருக்க வேண்டும்? வந்ததும் பெரும்பாலும் பருத்தி, உணவு, மூலப்பொருள் என்று சரக்காகத்தான் வந்தது. வாங்கிய வியாபாரி மார்க்கில் கட்டிய பணம் ஒரு நிதியில் சேர்ந்து, கேஎஃப்டபிள்யூ என்ற அரசு வங்கி வழியாகச் சுரங்கத்துக்கும் மின்நிலையத்துக்கும் ஆலைக்கும் கடனாகச் சுழன்றது. விதவையின் உதவித்தொகை அந்தப் பெட்டியிலிருந்து போகவில்லை. அது சந்தாவிலிருந்தும் வரியிலிருந்தும் போனது. இந்த நம்பிக்கையில் உண்மை இருக்கும் இடம் வேறு: 1953 பிப்ரவரியில் லண்டனில் கையெழுத்தான உடன்பாட்டில் ஜெர்மனியின் பழைய வெளிநாட்டுக் கடனில் ஏறக்குறைய பாதியைக் கடன்காரர்கள் விட்டுக்கொடுத்தார்கள். அந்தச் சலுகையைப் பற்றி நம்மூரில் யாரும் பேசுவதில்லை.

நம்பிக்கை: பொருளாதார அமைச்சர் லுட்விக் எர்ஹார்டும் அவருடைய சந்தையும் சேர்ந்து கொடுத்த பரிசு ஓய்வூதியம்.

எர்ஹார்ட் 1957 ஓய்வூதியச் சீர்திருத்தத்தை எதிர்த்தவர். நிதியமைச்சர் ஃப்ரிட்ஸ் ஷேஃபரும் எதிர்த்தார். முதலாளிகள் சங்கமும் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் எதிர்த்தன. பணவீக்கம் வரும், மக்கள் சேமிப்பதை விட்டுவிடுவார்கள் என்றார்கள். கூட்டணியில் முன்பு இருந்த எஃப்டிபி கட்சி எதிர்த்தே வாக்களித்தது. இடதுசாரிகளின் வேலை என்று நினைத்தாலும் தவறு. சோஷியல் டெமாக்ரட்டுகள் ஆதரித்து வாக்களித்தார்கள், உண்மை; ஆனால் விடாப்பிடியாக நின்றவர் எண்பது வயதைத் தாண்டிய கத்தோலிக்கப் பழமைவாதி அடனாவர்.

யோசனை வந்த இடமும் விசித்திரம். கத்தோலிக்கத் தொழில்முனைவோர் சங்கத்தின் நிர்வாகியாக இருந்த வில்ஃப்ரிட் ஷ்ரைபர் என்ற பொருளியலாளர் 1955-ல் ஒரு சிறு நூல் எழுதினார். உழைக்கும் தலைமுறை இன்று கட்டும் சந்தா இன்றே முதியவர்களுக்குப் போகட்டும். ஊதியம் ஏறினால் ஓய்வூதியமும் கூடவே ஏறட்டும் என்பது அதன் சாரம். பாதிரியாராக இருந்த அடனாவரின் மகன் வழியாக அது அவருடைய மேசைக்கு வந்தது.

நம்மூர் பிஎஃப் கணக்கு வைத்திருப்பவருக்கு இது சற்றுக் குழப்பமாக இருக்கும். பிஎஃப் என்றால் நம் பெயரில் பணம் சேரும், வட்டி ஏறும், பாஸ்புக்கில் தெரியும். ஜெர்மன் தொழிலாளியின் பெயரில் அப்படி ஒரு குவியல் இல்லை; அவர் இன்று கட்டுவது இன்னொருவரின் பாட்டிக்கு இந்த மாதமே போய்விடும். ஏன் சேர்த்து வைக்கவில்லை? சேர்த்து வைத்து இரண்டு முறை சூடுபட்டவர்கள் அவர்கள். 1923 பணவீக்கம் ஓய்வூதிய நிதியை விழுங்கியது; மீண்டும் சேர்த்ததைப் போரும் 1948 நாணய மாற்றமும் விழுங்கின.

1957 ஜனவரி 22 அன்று மசோதா நிறைவேறியது. சந்தா 11 சதவீதத்திலிருந்து 14 ஆனது, தொழிலாளி பாதி, முதலாளி பாதி. 40 ஆண்டு சராசரிச் சம்பளத்தில் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 1.5 சதவீதம் என்ற கணக்கில், அப்போதைய சராசரி ஊதிய அளவில் 60 சதவீதம். ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்த முதியவர்களுக்கும் கணக்கைத் திருத்திப் போட்டார்கள்: தொழிலாளர் ஓய்வூதியம் சராசரியாக ஏறக்குறைய 65 சதவீதம், அலுவலக ஊழியர்களுக்கு 72 சதவீதம் ஒரே தாவலில் உயர்ந்தது, அதுவும் ஜனவரி 1 முதல் முன்தேதியிட்டு. அதே ஆண்டு செப்டம்பர் தேர்தலில் அடனாவரின் கட்சிக் கூட்டணி 50.2 சதவீத வாக்கு பெற்றது. ஒரு அணி இப்படிப் பாதிக்கு மேல் வாங்கியது கூட்டாட்சிக் குடியரசின் வரலாற்றில் அந்த ஒரு முறைதான். ஷ்ரைபர் திட்டத்தின் மறுபாதியை, அதாவது பிள்ளைகளை வளர்க்கவும் அதேபோல் ஒரு தொகை என்பதை, ஓசையில்லாமல் விட்டுவிட்டார்கள். முதியோர் பெருகிப் பிள்ளைகள் குறைந்த இன்றைய ஜெர்மனியில் சண்டை அங்கேதான் வந்து நிற்கிறது.

நம்பிக்கை: ஓய்வு வயது 65 என்பது, முதல் ஓய்வூதியச் சட்டத்தைக் கொண்டுவந்த பழைய பிரதமர் பிஸ்மார்க் தன் வயதைப் பார்த்து வைத்தது.

1889 சட்டத்தில் இருந்தது 70 வயது. அப்போது பிஸ்மார்க்குக்கு வயது 74. 65 ஆகக் குறைத்தது 1916-ல். அவர் இறந்து 18 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நம்பிக்கை: ஜெர்மனியில் சண்டை கிடையாது; முதலாளியும் தொழிலாளியும் உட்கார்ந்து பேசி முடித்துவிடுவார்கள்.

நாடாளுமன்றம் ஓய்வூதியத்துக்குக் கைதூக்கிய அந்த ஜனவரி நாளில் கீல் துறைமுகத்தின் கப்பல் கட்டும் தளங்களில் வேலை நின்று மூன்று மாதம் ஆகியிருந்தது. 1956 அக்டோபர் 24 அன்று தொடங்கிய உலோகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் 16 வாரம் நீண்டது. பங்கேற்றவர்கள் 34,000 பேர். கேட்டது ஊதிய உயர்வு மட்டுமல்ல. அலுவலக மேசையில் இருப்பவர் நோயில் படுத்தால் ஆறு வாரம் முழுச் சம்பளம். அதே ஆலையில் தகடு பற்றவைப்பவர் படுத்தால் முதல் சில நாள்களுக்கு ஒன்றுமில்லை, அதற்குப் பிறகும் ஊதியத்தில் ஒரு பகுதிதான். காய்ச்சல் இருவருக்கும் ஒன்றுதானே என்பதுதான் வழக்கு. 1957 ஜூனில் வந்த சட்டம், காப்பீட்டு நிதி கொடுப்பதற்கு மேல் முதலாளியும் சேர்த்துப் போட்டு 90 சதவீதம் தர வேண்டும் என்றது. தொழிற்சங்கத்துக்குக் கிடைத்த கைம்மாறோ, வேலைநிறுத்தத்துக்கு வாக்கெடுப்பு நடத்தியதே ஒப்பந்த மீறல் என்று 1958-ல் தொழிலாளர் உச்ச நீதிமன்றம் அளித்த பாதகமான தீர்ப்பு. ஆறு வாரம் முழுச் சம்பளம் தொழிலாளிக்கும் கிடைக்க 1970 ஆக வேண்டியிருந்தது.

நம்பிக்கை: இந்த நலத்திட்டக் குடை எல்லோரையும் மூடியது.

இதுதான் இருப்பதிலேயே கெட்டியான நம்பிக்கை. 1951-ல் வந்த ஒரு சட்டம், போருக்குப் பிறகு பதவியிழந்த அரசு ஊழியர்களுக்கு வேலையும் ஓய்வூதியமும் மீட்டுக் கொடுத்தது. அவர்களில் நாஜிக் கட்சி உறுப்பினர்கள் ஏராளம். அதே அரசின் உச்ச நீதிமன்றம், 1943-க்கு முன் சின்டி, ரோமா என்ற சிறுபான்மை இன மக்கள் மீது நாஜி ஆட்சியில் நடந்தது இனவெறிக் கொடுமையே அல்ல என்று 1956-ல் தீர்ப்புச் சொல்லி இழப்பீட்டை மறுத்தது. அதைத் திருத்திக்கொள்ள 1963 வரை ஆயிற்று. ஜெர்மன் ஆலைகளில் அடிமைகளாக வேலை வாங்கப்பட்ட போலந்து, உக்ரைன், ரஷ்ய மக்களுக்கு அந்த ஆண்டுகளுக்கு உரிய கூலியும் கிடைக்கவில்லை, ஓய்வூதியக் கணக்கும் கிடைக்கவில்லை. அரசும் நிறுவனங்களும் 1,000 கோடி மார்க் போட்டு அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை அமைத்தது 2000-ல். 2007-ல் பட்டுவாடா முடிந்தபோது பணம் வாங்கியிருந்தவர்கள் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர். பெரும்பாலோர் எழுபது, எண்பது வயதைக் கடந்தவர்கள்.