ரத்தம் மீண்டும் ஊறுமா?

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? தலை சுற்றுகிறதா? நாக்கு வெளுத்திருக்கிறதா? இது ரத்தசோகையாக இருக்கலாம்.

நம் ரத்தத்தில் சிவப்பு அணுக்கள் உள்ளன. அவற்றுக்குள் இருப்பது ஹீமோகுளோபின். பிராணவாயுவை உடல் முழுவதும் சுமந்து செல்வது இதுதான். கர்ப்பிணிக்கு இது 11 கிராமாவது இருக்க வேண்டும். 7 கிராமுக்குக் கீழே போனால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து.

ரத்தம் குறைந்தால் உடல் சும்மா இருப்பதில்லை. பிராணவாயு போதவில்லை என்பதைச் சிறுநீரகம் அறிந்துகொள்ளும். உடனே எலும்பு மஜ்ஜைக்குச் செய்தி அனுப்பும். புதிய சிவப்பு அணுக்கள் பிறக்கும் இடம் மஜ்ஜைதான். ஓர் அணு சுமார் 120 நாள் வாழும். அது அழிந்ததும் அதிலுள்ள இரும்புச் சத்தை உடல் மீண்டும் எடுத்துக்கொள்ளும்.

கையிருப்பே தீர்ந்துவிட்டால்? அடுப்பு எரிந்து என்ன பயன்? பானையில் அரிசி வேண்டுமே! இரும்பு, புரதம், ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவை மஜ்ஜைக்குக் கிடைக்க வேண்டும்.

ஃபோலிக் அமிலத்தின் கதை மும்பையில் தொடங்கியது. கிங்ஸ் சர்க்கிளுக்குத் தெற்கே, பரேலில் ஹாஃப்கின் நிறுவனம் உள்ளது. 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலையில் உழைத்த கர்ப்பிணிகள் பலர் கடும் ரத்தசோகையால் வாடினார்கள். குறை அவர்களின் உணவில்தான் என்று அவர் கண்டார். ஈஸ்ட் சாறு கொடுத்தார். அவர்கள் தேறினார்கள்! 1931-இல் இதை வெளியிட்டார். அதில் இருந்த சத்து ஃபோலிக் அமிலம் என்று பின்னர் தெரிந்தது. 1941-இல் அதைப் பாலக் கீரையிலிருந்து பிரித்தெடுத்தார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

கீரை, பருப்பு, முட்டை, மீன் சாப்பிடுவோம். எலுமிச்சையும் நெல்லிக்காயும் இரும்பை உடலில் சேர்க்க உதவும். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்பு சரியாகச் சேராது.

கர்ப்பிணிகளுக்கு அரசு இலவசமாகச் சத்து மாத்திரை தருகிறது. அதைச் சாப்பிட்டால் மலம் கறுக்கும். பயப்பட வேண்டாம். புது அணுக்கள் ஒரு வாரத்திலேயே பெருகத் தொடங்கும். ஆனால் கையிருப்பு நிரம்ப மாதங்கள் ஆகும். தெம்பு வந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். 7 கிராமுக்குக் கீழே இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஊசியோ ரத்தமோ தேவைப்படலாம்.

பேசிப் பாருங்கள்

1. புதிய சிவப்பு அணுக்கள் எங்கே பிறக்கின்றன?
2. உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார்? அவருக்குக் கீரையும் பருப்பும் மிஞ்சுகிறதா?