மாங்கனியின் ஆயுளை நீட்டிக்க ஹெக்சனால்

மா விவசாயிக்கு விளைச்சல் குறைந்தாலும் கவலை, மிகுந்தாலும் கவலை. கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பகுதிகளில் ஒரே இரகக் காய்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் முற்றுகின்றன. எல்லாத் தோப்புக் காய்களும் ஒரே வாரத்தில் மண்டிக்கு வந்து சேரும்போது விலை சரிகிறது. நாலு நாள் பொறுத்து விற்கலாம் என்றால் அதற்குள் காய் கனிந்து விடும். கனிந்தது அழுகி விடும். வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டிய நெருக்கடிக்குப் பெரிய காரணம் பழத்தின் குறுகிய ஆயுளே.

அறுவடைக்குப் பின் வீணாவதும் சிறிய அளவன்று. லூதியானாவில் உள்ள மத்திய அறுவடைக்குப் பிந்தைய பொறியியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2015-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் மாங்கனியில் 9.16 சதவீதமும், தக்காளியில் 12.44 சதவீதமும், கொய்யாவில் 15.88 சதவீதமும் இழப்பு ஏற்படுகிறது. இந்த இழப்பைக் குறைக்கத் தாவரங்களிலேயே உள்ள ஒரு பொருள் உதவுகிறது. அதன் பெயர் ஹெக்சனால்.

பழம் ஏன் தளர்கிறது?

பறித்த பிறகும் காய் உயிருடன் இருக்கிறது, சுவாசிக்கிறது. மா, வாழை, தக்காளி போன்றவை முற்றிய பின் எதிலீன் என்னும் வாயுவைத் தாமே வெளியிட்டுப் பழுக்கின்றன. அப்போது மாவுச்சத்து சர்க்கரையாகிறது, தோல் நிறம் மாறுகிறது, சதை மென்மையாகிறது.

பழத்தின் சதை கோடிக்கணக்கான நுண்ணிய செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லையும் மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. பழம் முதிரும்போது 'பாஸ்போலிபேஸ்-டி' என்ற நொதி இச்சவ்விலுள்ள கொழுப்புப் பொருளைச் சிதைக்கத் தொடங்குகிறது. சவ்வு நைந்தால் உள்ளிருக்கும் நீரும் சாறும் கசிகின்றன. பழம் தளர்ந்து போகிறது. தளர்ந்த பழத்தில் பூசணம் எளிதில் புகுந்து விடும்.

ஹெக்சனால் இந்த நொதியின் வேலையை மட்டுப்படுத்துகிறது. சவ்வு சிதைவது தாமதமாகிறது. ஆகவே பழம் பழுக்காமல் நின்று விடுவதில்லை, நிதானமாகப் பழுக்கிறது.

இது புதிய பொருளா?

இல்லை. புல்லையோ இலையையோ நசுக்கினால் எழும் பச்சை வாசனையில் ஹெக்சனாலுக்கும் பங்கு உண்டு. செடியின் திசு காயப்படும்போது அதிலுள்ள கொழுப்பு அமிலத்திலிருந்து இது உண்டாகிறது. வெள்ளரி, ஆப்பிள், பீன்ஸ் போன்றவற்றிலும் இயல்பாகவே உள்ளது. உணவுப் பொருள்களில் வாசனைக்காகச் சேர்க்கப்படுவதும் உண்டு. காற்றில் விரைவாக ஆவியாகி விடும் தன்மையுடையது.

இதைப் பழப் பாதுகாப்புக்குப் பயன்படுத்தும் முறையைக் கனடா நாட்டின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் கோபிநாதன் பாலியத் குழுவினர் உருவாக்கினர். பின்னர் அப்பல்கலைக்கழகமும், கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனமும் கனடா அரசின் உதவியுடன் கூட்டு ஆராய்ச்சி நடத்தின. 2014-ல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் கென்யா, டான்சானியா, டிரினிடாட் நாடுகளும் சேர்ந்தன. கோவைப் பல்கலைக்கழகம் ஹெக்சனால் அடங்கிய கரைசலை 'ஃப்ரூட்டி ஃப்ரெஷ்' என்ற பெயரில் உருவாக்கியது. பெட்டிகளில் பழங்களுடன் வைப்பதற்கேற்ற ஒட்டுவில்லைகளும் சிறு குளிகைகளும் அங்கு உருவாக்கப்பட்டன. இவற்றிலிருந்து ஹெக்சனால் சிறிது சிறிதாக வெளிப்படும்.

தெளிக்கும் முறை

மாமரங்களில் அறுவடைக்கு 30 நாட்களுக்கு முன் ஒரு முறையும், 15 நாட்களுக்கு முன் மறுமுறையும் கரைசலைத் தெளிக்க வேண்டும். அளவு 2 சதவீதம். அதாவது ஒரு லிட்டர் நீருக்கு 20 மில்லி, 10 லிட்டர் கொள்ளும் தெளிப்பானுக்கு 200 மில்லி. இந்த 10 லிட்டரில் உள்ள ஹெக்சனால் 2 மில்லி மட்டுமே. ஒரு தேக்கரண்டியில் பாதி கூட இல்லை.

மருந்து காய்களின் மீது நன்கு படிய வேண்டும். காலையிலோ மாலையிலோ வெயில் தணிந்திருக்கும் நேரத்தில், காற்று பலமாக வீசாதபோது தெளிப்பது நல்லது. ஆராய்ச்சியில் இவ்வாறு தெளித்த மரங்களில் காய்கள் இரண்டு முதல் மூன்று வாரங்கள் வரை கூடுதலாக மரத்திலேயே நின்றன. பறித்த காய்களைக் கரைசலில் சில நிமிடங்கள் முக்கி எடுத்து உலர்த்தும் முறையும் உண்டு. அவ்வாறு செய்த பழங்களும் கூடுதல் நாட்கள் உறுதியாக இருந்தன.

இயற்கைப் பொருள்தானே என்று அளவை மீறக் கூடாது. அளவு கூடினால் இலைக்கும் காய்க்கும் தீங்கு நேரலாம். ஹெக்சனாலைத் தனியாக வாங்கி வீட்டில் கலப்பதும் வேண்டாம். அடர் நிலையில் அது கண்ணுக்கும் தோலுக்கும் எரிச்சல் தரும், எளிதில் தீப்பற்றும்.

எதற்குப் பயன்படாது?

ஹெக்சனால் நல்ல காயின் ஆயுளைக் கூட்டும். கெட்ட காயை நல்லதாக்காது. தரையில் விழுந்து அடிபட்ட காய்க்கு இதனால் பயனில்லை. பழ ஈயின் புழு உள்ளே இருந்தால் அதைக் கொல்லாது. எனவே வழக்கமான கவனங்கள் எதையும் விட்டுவிடக் கூடாது.

காய்களை உலுக்கி உதிர்க்காமல் வலை கட்டிய துரட்டியால் பறிக்க வேண்டும். காம்பைச் சிறிது விட்டுப் பறித்து, காய்களைக் கவிழ்த்து வைத்துப் பாலை வடிய விட வேண்டும். பால் தோலில் பட்டால் அந்த இடம் கருகிக் கறையாகும். பறித்தவற்றை உடனே நிழலுக்குக் கொண்டு வர வேண்டும். குளிர்பதன அறையில் வைப்பதானால் வெப்பநிலை 12 அல்லது 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே போகலாகாது. போனால் மாங்காய் குளிரால் கெட்டுச் சரியாகப் பழுக்காது.

இன்னொன்றும் முக்கியம். நிதானமாகப் பழுக்கும் காயை அவசரப்படுத்தக் கால்சியம் கார்பைடு கல்லை வைக்கக் கூடாது. அது சட்டப்படி தடை செய்யப்பட்டது, உடலுக்குக் கேடு. பழுக்க வைக்க வேண்டுமானால் அனுமதிக்கப்பட்ட அளவில் எதிலீன் வாயுவைப் பயன்படுத்தும் அறைகளை நாடலாம்.

முதலில் பத்து மரங்கள்

தோப்பு முழுவதும் ஒரே ஆண்டில் செலவு செய்ய வேண்டியதில்லை. ஒரே இரகம், ஒரே வயதுள்ள பத்து மரங்களைத் தேர்ந்தெடுத்து ஐந்துக்குத் தெளித்து, ஐந்தை அப்படியே விட்டுவைக்க வேண்டும். இரண்டிலும் எந்தத் தேதியில் காய் பறித்தோம், எத்தனை நாளில் பழுத்தது, எத்தனை பழம் அழுகியது, என்ன விலைக்கு விற்றது என்பதைத் தனித்தனியே குறித்து வர வேண்டும். மருந்துக்கும் ஆள் கூலிக்கும் ஆன செலவை, கூடுதலாகக் கிடைத்த விலையுடன் ஒப்பிட்டால் தமது தோப்புக்கு இது கட்டுபடியாகுமா என்பது தெரிந்து விடும். கரைசல் பெறுவது பற்றியும் தத்தம் இரகத்துக்கு ஏற்ற அளவு பற்றியும் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ தோட்டக்கலை அலுவலரிடமோ கேட்டறியலாம்.

கூடுதல் நாட்களை என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். பூக்கும் தருணத்திலேயே தோப்பைக் குத்தகைக்கு விட்டவருக்கு இதனால் வரும் இலாபம் குத்தகைதாரருக்கே போய்ச் சேரும். தாமே அறுவடை செய்பவரும், ஒரே நாளில் பறித்து ஒரே மண்டியில் கொட்டினால் பயன் இல்லை. பக்கத்துத் தோப்புக்காரர்கள் சிலர் கலந்து பேசி, ஒருவர் தெளிக்காமல் முன்னதாகவும் மற்றவர் தெளித்துப் பின்னதாகவும் பறித்தால் சந்தைக்கு வரும் சரக்கு வாரங்களில் பரவும். அப்போதுதான் இன்றைய விலை பிடிக்கவில்லை என்றால் நாளை பறிக்கலாம் என்று சொல்லும் வசதி விவசாயிக்குக் கிடைக்கும்.