ஓயாத காவல்: முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கு ஒரு பாடம்

நீலகிரி மக்களுக்குப் படைவீரர்கள் புதியவர்கள் அல்லர். குன்னூரை அடுத்த வெலிங்டனில்தான் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் உள்ளது. அப்படைப்பிரிவினர் 1987 முதல் 1990 வரை இலங்கையில் அமைதி காக்கும் படையிலும், பின்னர் காஷ்மீரிலும் சியாச்சின் பனிமலையிலும் பணியாற்றியுள்ளனர். 1942ஆம் ஆண்டு பர்மாப் போரில் குண்டுகள் பாய்ந்தும் உயிர் தப்பிய பீல்டு மார்ஷல் சாம் மானெக்சா குன்னூரிலேயே வாழ்ந்து, 27.06.2008 அன்று வெலிங்டன் இராணுவ மருத்துவமனையில் காலமானார். அவர் தாங்கிய குண்டுகளைப் பற்றி இங்கே பெருமையுடன் பேசுவோர் பலர். தழும்பு விடாத காயத்தைப் பற்றி வீட்டுக்குள்ளேகூடப் பேச்சு எழுவதில்லை. இவ்விதழின் பாடத்திற்கு அதனையே எடுத்துக்கொண்டோம்.

போர்முனையில் இருப்பவரின் மூளை எந்நேரமும் ஆபத்தை எதிர்நோக்கிப் பழகுகிறது. அப்பழக்கமே அவரை உயிருடன் வைத்திருக்கிறது. சிலருக்கு ஊர் திரும்பிய பின்னரும் அந்த விழிப்பு அடங்குவதில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் இதனைக் குண்டதிர்ச்சி என்றனர். 1980 முதல் பி.டி.எஸ்.டி., அதாவது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய், என்ற பெயர் வழங்குகிறது. பழைய நிகழ்ச்சிகள் கனவிலும் நனவிலும் மீண்டும் வரும். அவற்றை நினைவூட்டும் பேச்சையும் இடத்தையும் நோயாளி தவிர்ப்பார். அன்பு, மகிழ்ச்சி முதலிய உணர்வுகள் மரத்துப்போகும். சிறு ஓசைக்கும் உடல் துள்ளும். தேயிலைத் தோட்டத்தில் யானையையும் காட்டெருமையையும் விரட்டப் போடும் வெடி, மற்றவர்க்கு நிம்மதி தரும் ஒலி. அவருக்கோ அன்றிரவு முழுவதும் உறக்கம் போய்விடும். இத்தகைய நிலை ஒரு மாதத்திற்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைக்குமாயின் மருத்துவரை நாடுதல் வேண்டும். இலங்கை சென்று வந்தவர்கள் இன்று அறுபதை ஒட்டியோ கடந்தோ இருப்பர். வேலைப் பளு குறைந்த முதுமையில், முப்பது ஆண்டுகளாக அடங்கியிருந்த நினைவு தலைதூக்குவதும் உண்டு.

குடும்பத்தின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். சிப்பாய்களில் பலர் பதினைந்து, பதினேழு ஆண்டுகள் பணிபுரிந்து நாற்பது வயதுக்கு முன்பே ஓய்வு பெறுகின்றனர். அத்தனை ஆண்டுகளும் பள்ளிக் கட்டணம் முதல் மாமியாரின் மருந்து வரை மனைவியே பார்த்துக்கொண்டிருப்பார். விடுமுறைக்கு வந்துபோன தந்தையைப் பிள்ளைகள் ஒரு விருந்தாளியாகவே அறிவர். அவர் நிரந்தரமாகத் திரும்பியதும், யார் சொல்வது நடக்க வேண்டும் என்ற பூசல் தொடங்குகிறது. நோய் இல்லாத வீட்டிலும் இது நிகழக்கூடியதே. ஆகவே எல்லாச் சண்டைக்கும் நோயைக் காரணமாக்குதல் கூடாது. “கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பதில்லை” என்று குறைபடும் மனைவியர்க்கு நாம் முதலில் கூறுவது, கணவரின் செவித்திறனைப் பரிசோதியுங்கள் என்பதே. பீரங்கி ஓசையால் கேட்கும் திறன் குறைந்திருக்கலாம்.

மதுவைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். குளிருக்கு என்று தொடங்கி உறக்கத்திற்கு என்று தொடர்கிறது. கேன்டீனில் விலையும் குறைவு. மது விரைவில் உறக்கத்தைத் தரினும் பின்னிரவில் அதனைக் கலைத்துவிடும். கெட்ட கனவுகளும் மிகும். எனினும், நெடுங்காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவரின் புட்டியைக் குடும்பத்தார் ஒரே நாளில் பறித்து ஒளித்தல் ஆபத்தானது. திடீரென நிறுத்தினால் ஓரிரு நாள்களில் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஏற்பட்டு உயிருக்கே ஊறு நேரலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

கெட்ட கனவில் அலறுபவரைத் தொட்டு உலுக்காதீர்கள். சற்று எட்ட நின்று பெயரையோ உறவுமுறையையோ சொல்லி அழைத்து, விளக்கைப் போடுங்கள். காவல் வேலைக்காகத் துப்பாக்கி உரிமம் பெற்றவர், வாழ்வே வேண்டாம் என்ற பொருளில் ஒரு சொல் கூறினாலும், அன்றே துப்பாக்கியை வீட்டிலிருந்து அகற்ற ஏற்பாடு செய்யுங்கள். அவரைத் தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

இந்நோய்க்குச் சிகிச்சை உண்டு. பயிற்சி பெற்றவரின் துணையுடன் அந்நினைவைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளும் பேச்சுச் சிகிச்சையே முதன்மையானது. செர்ட்ரலின் போன்ற மருந்துகளும் உதவும். அவை பலன் தரச் சில வாரங்கள் ஆகும். பத்தாம் நாளில் பயனில்லை என்று நிறுத்திவிடுவோர் பலர். கடையில் தாமாகத் தூக்க மாத்திரை வாங்கி உண்பது பழக்க அடிமையாக்கும்.

மனநலச் சிகிச்சை பெற்றால் ஓய்வூதியம் போய்விடும் என்ற அச்சம் வேண்டா. 2003இல் தொடங்கிய ஈ.சி.எச்.எஸ். திட்டத்தின் உறுப்பினர்கள் இச்சிகிச்சையை அதன் வழியே பெறலாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் விவரங்களை மறைவாகக் காக்கும் கடமையை மருத்துவமனைக்கு விதித்துள்ளது. மழையாலோ தொலைவாலோ மலையிறங்கி வர இயலாதோர் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

அவர் வர மறுத்தால், மனைவியோ தாயோ முதலில் தனியே வந்து எம்மிடம் பேசலாம். நோயாளி உடன் வர வேண்டும் என்பதில்லை.