டீக்குக் கணக்கு, ஹெலிகாப்டருக்கு விலக்கு

தேர்தல் வந்துவிட்டால் மாவட்டத் தேர்தல் அலுவலர் ஒரு விலைப்பட்டியல் வெளியிடுவார். டீ என்ன விலை, பிரியாணிப் பொட்டலம் என்ன விலை, பிளாஸ்டிக் நாற்காலிக்கும் மைக்செட்டுக்கும் ஒரு நாள் வாடகை என்ன என்று எல்லாம் அதில் இருக்கும். வேட்பாளர் தன் கணக்கில் நூறு நாற்காலி என்று எழுதினாலும், வீடியோ குழு எடுத்த படத்தில் முந்நூறு தெரிந்தால் அந்த முந்நூறையும் பட்டியல் விலையால் பெருக்கி நிழல் கண்காணிப்புப் பதிவேட்டில் ஏற்றிவிடுவார்கள். இவ்வளவு நுணுக்கத்தைப் பார்க்கிற ஒருவர், நம் நாட்டில் தேர்தல் செலவுக்குக் கண்டிப்பான வரம்பு இருக்கிறது, அதை மீறுகிறவர்களால்தான் தொல்லை என்று நம்புவதில் வியப்பில்லை. அந்த நம்பிக்கை பாதிதான் சரி. தமிழ்நாட்டில் மக்களவைத் தொகுதிக்கு 95 லட்சம் ரூபாய், சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம் ரூபாய் என்று 2022 ஜனவரியில் உயர்த்தப்பட்ட வரம்பு வேட்பாளருக்கு மட்டுமே உரியது. கட்சிக்கு வரம்பே கிடையாது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி 40 பேர் வரை நட்சத்திரப் பேச்சாளர்களாக அறிவிக்கலாம். அவர்கள் பறந்து வரும் ஹெலிகாப்டரின் வாடகை பொதுவாக எந்த வேட்பாளர் தலையிலும் விழாது. தலைவரோடு வேட்பாளர் மேடை ஏறினால் கூட்டச் செலவில் ஒரு பங்கு அவர் கணக்கில் சேரும். மேடைக்குக் கீழே நின்று, பேனரில் தன் பெயரும் படமும் வராமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம்.

இந்த ஓட்டை கவனக்குறைவால் விழுந்தது என்றும் சிலர் நினைக்கிறார்கள். வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. 1971இல் டெல்லி சதர் தொகுதியில் நடந்த தேர்தல் பற்றிய வழக்கில், வேட்பாளருக்குத் தெரிந்து அவருக்காகக் கட்சி செய்த செலவும் அவர் செலவே என்று 1974 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணபலம் இல்லாதவரும் மற்றவர்களுக்குச் சமமாக நின்று போட்டியிட வேண்டும் என்பதற்காகத்தானே வரம்பு, கட்சியின் கைவழியாகச் செலவழிக்க விட்டால் அந்த வரம்பு எதற்கு என்பது நீதிமன்றத்தின் வாதம். அதே மாதத்தில் அவசரச் சட்டம் வந்தது. பின்னர் நாடாளுமன்றமும் அதைச் சட்டமாக்கி, கட்சியின் செலவு வேட்பாளர் செலவாகாது என்று எழுதிவைத்தது. 2003இல் இந்த விலக்கைத் தலைவர்களின் பயணச் செலவோடு சுருக்கினார்கள். ஆனாலும் கட்சியின் பொதுப் பிரசாரம் இன்றுவரை அளவில்லாமல்தான் நடக்கிறது. 2009 மக்களவைத் தேர்தலில் தான் எட்டுக் கோடி ரூபாய் செலவழித்ததாக 2013இல் பாஜக தலைவர் கோபிநாத் முண்டே பொதுமேடையில் சொன்னார். அந்தத் தேர்தலுக்கு இருந்த உச்ச வரம்பு 25 லட்சம். தேர்தல் ஆணையம் அவருக்கு நோட்டீஸ் அனுப்பியது. எல்லோருக்கும் தெரிந்த கணக்கை ஒருவர் வாய்விட்டுச் சொன்னதுதான் அன்று செய்தி.

சரி, கட்சிக்கும் வரம்பு போடலாமே என்றால் உடனே ஒரு மறுப்பு எழும்: பணத்துக்குக் கடிவாளம் போட்டால் அது பேச்சுரிமைக்கும் போட்டதாகிவிடும். இதை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. துண்டுப் பிரசுரம் அடிக்கவும் மண்டபம் பிடிக்கவும் காசு வேண்டும். வரம்பை நிர்ணயிப்பவர்களோ ஏற்கெனவே பதவியில் இருப்பவர்கள். பிரிட்டனில் தேர்தல் நேரத்தில் வேட்பாளர் அல்லாத ஒருவர் தொகுதியில் பிரசுரம் கொடுக்க ஐந்து பவுண்டுக்கு மேல் செலவிடக் கூடாது என்றிருந்த விதியை, கருத்துச் சுதந்திரத்துக்கு விரோதமானது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1998இல் சொன்னது சரியே. ஐந்து பவுண்டு என்பது வரம்பு என்ற பெயரில் வந்த தடைதான். ஆனால் இந்த வாதத்துக்கு எல்லோரும் சாட்சிக்கு அழைக்கும் அமெரிக்கத் தீர்ப்புகளை முழுவதுமாகப் படித்தவர்கள் குறைவு. 1976இல் பக்லி வழக்கில் செலவு வரம்பை ரத்து செய்த அதே தீர்ப்பு, வேட்பாளருக்குத் தரும் நன்கொடைக்கு இருந்த வரம்பையும், கொடுத்தவர் பெயரை வெளியிட வேண்டும் என்ற விதியையும் நிலைநிறுத்தியது. நிறுவனங்கள் தேர்தல் பிரசாரத்துக்குத் தாமாகச் செலவிடலாம் என்ற 2010 சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பு 5–4 என்ற இழுபறியில் வந்தது. ஆனால் பெயரை வெளிப்படுத்தும் விதிகள் செல்லும் என்று அதே வழக்கில் 8–1 என்று சொன்னார்கள். பணத்தைப் பேச்சாகக் கருதிய நீதிபதிகள்கூடப் பேசுவது யார் என்று கேட்பவனுக்குத் தெரிய வேண்டும் என்றார்கள். இது நமக்குப் புதிதும் இல்லை. நம் ஊர்ச் சுவரில் ஒட்டும் தேர்தல் போஸ்டரின் அடியில் அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவர் பெயரும் பொடி எழுத்தில் இருக்குமே, அது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127அ பிரிவு கேட்கும் நிபந்தனை. அதனால் யார் வாயும் அடைபட்டதாகத் தெரியவில்லை.

ஒற்றைப் போஸ்டருக்குப் பெயர் கேட்ட நாடுதான், கோடிகளுக்குப் பெயர் வேண்டாம் என்று 2018 ஜனவரியில், கட்சிகளுக்கு நன்கொடையாகக் கொடுக்கத் தேர்தல் பத்திரங்களைக் கொண்டுவந்தது. ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி வரை மதிப்பு, ஸ்டேட் வங்கியில் மட்டும் விற்பனை, 15 நாளுக்குள் கட்சி அதை மாற்றிக்கொள்ள வேண்டும். கொடுப்பவர் பெயர் வெளியே தெரிந்தால் ஆளுங்கட்சி பழிவாங்கும், ரகசியமே பாதுகாப்பு என்பது இதற்குச் சொல்லப்பட்ட நியாயம். யாரிடமிருந்து ரகசியம் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பத்திரத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுப்பவர், கொடுத்தது நான்தான் என்று கட்சிக்காரரிடம் சொல்வதற்கு எந்தத் தடையும் இல்லை. வாங்கியவர் விவரம் அரசு வங்கியில் இருந்தது; குற்ற வழக்குப் பதிந்து விசாரணை அமைப்பு கேட்டால் கொடுக்க வேண்டும் என்று திட்டத்திலேயே இருந்தது. புறஊதா ஒளியில் மட்டும் தெரியும் வரிசை எண்ணும் பத்திரத்தில் இருந்தது. ஆக, விவரம் தெரியாமல் நின்றது வாக்காளர்தான். வங்கிவழி வரும் பணம் என்பதால் கறுப்புப் பணம் ஒழியும் என்ற வாதமும் நிற்கவில்லை. முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 7.5 விழுக்காட்டுக்கு மேல் நிறுவனங்கள் நன்கொடை தரக் கூடாது என்ற விதியை 2017லேயே நீக்கிவிட்டதால், லாபமே காணாத நிறுவனமும் கோடிகளில் கொடுக்க வழி பிறந்தது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக இத்திட்டத்தை ரத்து செய்தபோது அவர்கள் எடுத்த ஆயுதம், அரசியலமைப்பின் 19(1)(அ) என்ற அதே பேச்சுரிமைப் பிரிவு. கட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று அறிவதும் அந்த உரிமைக்குள் அடங்கும் என்றார்கள்.

சிறிய நன்கொடையாளர் கதி என்ன என்று இன்னும் கேட்பார்கள். 20,000 ரூபாய் வரை கொடுப்பவர் பெயரைக் கட்சி ஆணையத்துக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த விதி அப்படியேதான் இருக்கிறது. பத்திரம் அவர்களுக்கான குடையாக இருக்கவில்லை. பத்திர விவரங்களைத் தர ஜூன் 30 வரை அவகாசம் கேட்ட வங்கியின் மனுவை நீதிமன்றம் தள்ளுபடி செய்தபின் மார்ச் மாதம் பத்திரம் வாங்கியவர்கள் பட்டியல் வெளியானபோது, முதலிடத்தில் 1,368 கோடி ரூபாயுடன் கோயம்புத்தூர் முகவரி கொண்ட லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங் இருந்தது. அதில் 509 கோடி தனக்கு வந்ததாக திமுகவே ஆணையத்திடம் தெரிவித்திருந்தது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற வேறுபாடு இல்லாமல் இரு பக்கமும் பத்திரம் பாய்ந்திருந்தது. அதிகம் பெற்றது மத்தியில் ஆண்ட பாஜக.

பத்திரம் போனதோடு எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது என்பது இப்போது பரவியிருக்கும் புது நம்பிக்கை. ஆனால் 2013ஆம் ஆண்டுத் திட்டத்தின்கீழ் இயங்கும் தேர்தல் அறக்கட்டளைகள் இன்னும் இருக்கின்றன. நிறுவனங்கள் அவற்றுக்குக் கொடுக்கும். அறக்கட்டளை அந்த ஆண்டுத் தொகையில் 95 விழுக்காட்டைக் கட்சிகளுக்குப் பிரித்துத் தர வேண்டும். கொடுத்த நிறுவனங்களின் பட்டியலும் பெற்ற கட்சிகளின் பட்டியலும் ஆணையத்துக்குப் போகின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் கொடுத்து, ஒன்றுக்கு மேற்பட்ட கட்சிகள் பெற்றுவிட்டால், இந்தப் பட்டியலில் உள்ள எந்தப் பெயரின் பணம் அந்தப் பட்டியலில் உள்ள எந்தப் பெயருக்குப் போனது என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது.