சிரித்துக்கொண்டே படிக்கும் பிள்ளை

கேள்வி: மகள் உயர்தரத்தில் பயோ படிக்கிறாள். நாங்கள் இருவரும் அரச உத்தியோகத்தர்கள். தனி அறை, மட்டக்களப்பில் ரியூசன், ஒரு குறையும் வைக்கவில்லை. சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் நகத்தைச் சதை தெரியக் கடிக்கிறாள். ஏன்?
– ஒரு தாய், செங்கலடி

பதில்: அம்மா, குறை வைக்காததே சில பிள்ளைகளுக்குச் சுமை. இல்லாத வீட்டுப் பிள்ளை சறுக்கினால் சொல்ல ஒரு காரணம் இருக்கும். உங்கள் மகளுக்கு அதுகூட இல்லை. அதனால்தான் பயத்தை மறைத்துச் சிரிக்கிறாள்.

இன்னொன்றையும் பாருங்கள். 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளிதான் கணக்கு. மற்றவர்களின் சராசரியிலிருந்து இவள் எவ்வளவு விலகி நிற்கிறாள் என்பதையே அது அளக்கிறது. மருத்துவபீட இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு. 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கு. அதாவது, ரியூசனில் பக்கத்தில் இருந்து நோட்ஸ் கேட்கும் அதே மாவட்டச் சிநேகிதியே போட்டியாளர். கொடுத்தாலும் பயம், மறைத்தாலும் குற்ற உணர்வு. இதை எந்தப் பிள்ளை வீட்டில் வந்து சொல்லும்?

இன்றைக்கு மார்க்ஸ் கேட்காதீர்கள். பின்னேரம் தேத்தண்ணீரோடு பக்கத்தில் இருங்கள். "டொக்டர் ஆகாட்டியும் நீ எங்கட பிள்ளைதான்" என்பதை அப்பாவும் வாய்திறந்து சொல்லட்டும். (நம் அப்பாமாருக்கு இது மூன்று ஏ எடுப்பதைவிடக் கஷ்டம்.) உயர்தரத்தை மூன்று தடவை எழுதலாம்; வந்தாறுமூலைப் பல்கலைக்கழகம் பக்கத்தில்தான், அங்கே மருத்துவம் தவிர வேறு படிப்புகளும் உண்டு.

நித்திரையும் சாப்பாடும் குறைந்தால் காத்திருக்க வேண்டாம், வைத்தியரைப் பாருங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.