ஜன்னலில் உட்கார்ந்திருந்த வாலிபன்

வேதபாடம்: அப்போஸ்தலர் 20:7-12



இந்த மாத வேதபாடத்துக்கு ஐத்திகுவின் சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். துரோவா பட்டணத்தில் ஒரு மேல்வீடு. வாரத்தின் முதல் நாள் இரவு. அறை நிறைய விளக்குகள். மறுநாள் பிரயாணம் புறப்பட வேண்டிய பவுல் நடுராத்திரி வரைக்கும் பேசிக்கொண்டே இருக்கிறார். ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு தூக்கம் தாங்காமல் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்துவிடுகிறான். தூக்கிப் பார்த்தால் உயிரில்லை. பவுல் பிரசங்கத்தை அப்படியே விட்டுவிட்டு, கீழே இறங்கிப் போய், அவனைக் கட்டி அணைத்துக்கொள்கிறார். விடிகிற நேரத்தில் அவனை உயிரோடே கூட்டிக்கொண்டு வருகிறார்கள்.

இதிலே மூன்று காரியங்களைக் கவனியுங்க. இராமுழுவதும் நடந்த ஒரு கூட்டம். அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வாலிபன். இறங்கிப் போன ஒரு ஊழியக்காரர். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு, இங்கிலாந்து தேசத்தில் நடக்கிற வேறொரு இராக்கூட்டத்தைப் பார்ப்போம். அதற்கு 'ரேவ்' என்று பேர். நம் பிள்ளைகள் மேற்படிப்புக்கு லண்டனுக்கும் மான்செஸ்டருக்கும் போகிறார்கள். அங்கே சனிக்கிழமை இரவு எப்படி இருக்கும் என்று ஜெபிக்கிற பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

1. அந்த இரவு எப்படிப்பட்டது?

1989-ம் வருஷத்தை எடுத்துக்கொள்ளுங்க. லண்டன் மாநகரத்தைச் சுற்றி எம்25 என்ற பெரிய சாலை வளையம்போல ஓடுகிறது. சனிக்கிழமை இரவானால் வாலிபர்கள் நாலைந்து பேராகக் காரில் ஏறிப் புறப்படுவார்கள். எங்கே போகிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது. கையில் இருக்கிற நோட்டீஸில் ஒரு டெலிபோன் நம்பர் மட்டும் இருக்கும். இரவு அந்த நம்பருக்குப் போன் செய்தால், பதிவு செய்து வைத்த குரல் ஒன்று சாலையோரத்துப் பெட்ரோல் பங்க் ஒன்றைச் சொல்லும். அங்கே போனால் ஏற்கெனவே நூற்றுக்கணக்கான கார்கள் நிற்கும். பிறகுதான் சரியான இடம் தெரியவரும். அது ஒரு வயல்வெளியாக இருக்கலாம், பழைய விமானக் கொட்டகையாக இருக்கலாம், காலியாகக் கிடக்கும் குடோனாகவும் இருக்கலாம். போலீசுக்குத் தகவல் போவதற்குள் ஆயிரக்கணக்கான பேர் உள்ளே நுழைந்திருப்பார்கள். அத்தனை பேரை இருட்டில் கலைப்பது ஆபத்து என்று போலீசாரும் தயங்குவார்கள்.

உள்ளே பெரும்பாலும் மேடைப் பாடகர் கிடையாது, வாத்தியக் குழு கிடையாது. டிஜே என்று ஒருவர் இரண்டு இசைத்தட்டுகளை வைத்துக்கொண்டு, ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்ததை அதே தாளத்தில் சேர்த்துவிடுவார். நிமிஷத்துக்கு 120, 130 அடி. நடுவில் இடைவெளியே இல்லை. புகை, லேசர் வெளிச்சம், விலா எலும்பில் அதிர்கிற ஒலிபெருக்கி. விடியும் வரைக்கும் ஆட்டம்தான்.

இன்றைக்கு முறைப்படி லைசென்ஸ் வாங்கின கிளப்புகள் எத்தனையோ இருக்கின்றன. ஆனாலும் ரகசியமாகக் குடோனிலும் காட்டுக்குள்ளும் கூடுவது நின்றுவிடவில்லை. இடம் இப்போது செல்போனில் கடைசி நேரத்தில் வருகிறது, அவ்வளவுதான்.

2. ஏன் போகிறார்கள்?

"எல்லாம் கெட்டுப்போன பிள்ளைங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதிருங்கள். இந்த இசையின் வேரைப் பாருங்க. அமெரிக்காவின் சிகாகோ பட்டணத்தில் 1977-ல் 'வேர்ஹவுஸ்' என்ற கிளப் தொடங்கியது. பிராங்கி நக்கிள்ஸ் என்பவர் அங்கே இசைத்தட்டுகளை ஓட்டினார். அந்த கிளப்பின் பேரிலிருந்துதான் 'ஹவுஸ்' இசை என்ற பேரே வந்ததாகச் சொல்கிறார்கள். அங்கே வந்தவர்களில் அநேகர் கறுப்பின வாலிபர்கள். ஓரினச் சேர்க்கையாளர் என்பதால் ஜனங்களால் ஒதுக்கப்பட்டவர்கள் அவர்களில் ஏராளம். வேறெங்கும் கிடைக்காத வரவேற்பு அவர்களுக்கு அந்த வாசலில் கிடைத்தது.

இன்னொன்றையும் கவனியுங்க. இந்த இசையின் பாடல்முறையில் கறுப்பின சபைகளின் துதிப்பாடல் சாயல் நன்றாகவே கேட்கும். 1987-ல் ஜோ ஸ்மூத் என்பவர் வெளியிட்ட ஹவுஸ் பாட்டுக்குப் பேரே 'வாக்குத்தத்த தேசம்' என்ற அர்த்தமுள்ள 'பிராமிஸ்டு லேண்ட்'. பார்த்தீர்களா? சபையில் பிறந்த ஏக்கம் சபைக்கு வெளியே போய்ப் பாடிக்கொண்டிருக்கிறது.

1987 கோடைகாலத்தில் ஸ்பெயின் தேசத்து இபிசா தீவுக்குப் போன சில ஆங்கிலேய டிஜேக்கள் இதை லண்டனுக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த வருஷமே தேசமெங்கும் தீப்போலப் பரவியது. போய் வந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: அங்கே முன்பின் தெரியாதவர் கட்டி அணைத்தார்கள், ஏழை பணக்காரன் பார்க்கவில்லை, வெள்ளை கறுப்பு பார்க்கவில்லை, நீ யார் என்று கேட்கவில்லை.

இரவெல்லாம் விழித்திருப்பது, கைகளை உயர்த்துவது, ஒரே சத்தத்தில் எல்லாரும் சேர்வது — முழு இரவு ஜெபத்துக்குப் போகிற நமக்கு இது தெரியாத பசியா? பசி உண்மைதான். கிடைக்கிற ஆகாரம்தான் கேள்வி.

3. விழுவது எங்கே?

அங்கே போகிற எல்லாரும் போதை எடுப்பதில்லை. ஆனால் இந்த இரவுகளோடு சேர்ந்தே வளர்ந்தது எக்ஸ்டஸி என்ற மாத்திரை. அதன் மருந்துப் பேர் எம்.டி.எம்.ஏ. 1912-ல் ஜெர்மனியின் மெர்க் கம்பெனி இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது. பிரிட்டனில் 1977 முதல் மிகக் கொடிய போதைப்பொருள் வகையில் வைத்திருக்கிறார்கள். கையில் வைத்திருந்தாலே 7 வருஷம் வரை சிறை; விற்றால் ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம். சிநேகிதனுக்குச் சும்மா கொடுத்தாலும் விற்றதற்குச் சமம்தான்.

இது சரீரத்தில் என்ன செய்கிறது? மூளையில் செரட்டோனின் என்ற இரசாயனத்தை ஒரேயடியாக வெளியே கொட்டுகிறது. எல்லார் மேலும் அன்பு பொங்குவதுபோல இருக்கும். களைப்பு தெரியாது. ஆனால் சரீரத்தின் உஷ்ணம் ஏறும். காற்றில்லாத குடோனில் மணிக்கணக்காக ஆடினால் உஷ்ணம் எல்லை மீறி, உறுப்புகள் செயலிழந்து மரணம் வரலாம். கொட்டித் தீர்ந்தபின் அடுத்த சில நாட்கள் மனச்சோர்வு பிடித்துக்கொள்ளும். வாங்கின மாத்திரைக்குள் உண்மையில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று விழுங்குகிறவனுக்குத் தெரியாது.

1995 நவம்பரில் இங்கிலாந்தை உலுக்கிய ஒரு சம்பவம். 18 வயது நிறைந்த ஒரு பெண்பிள்ளை தன் பிறந்தநாள் கொண்டாட்டத்தில் ஒரு மாத்திரை போட்டாள். "தண்ணி குடிக்கணும்" என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தாள். ஒன்றரை மணி நேரத்துக்குள் சுமார் 7 லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டாள். அந்த மாத்திரை, சிறுநீர் பிரிவதையும் தடுக்கும். இரத்தத்தில் உப்பின் அளவு இறங்கி, மூளை வீங்கி, நினைவு திரும்பாமலே மரித்துப்போனாள்.

இது நடந்தது எங்கே தெரியுமா? குடோனில் அல்ல, காட்டில் அல்ல, சொந்த வீட்டில். பிரியமானவர்களே, ஐத்திகு விழுந்ததும் வெளியே எங்கேயோ அல்ல, அப்போஸ்தலன் பிரசங்கித்துக்கொண்டிருந்த அதே அறையின் ஜன்னலிலிருந்துதான். "எங்க வீட்டுப் பிள்ளை அங்கெல்லாம் போகாது" என்று சொல்லிவிட்டால் பாதுகாப்பு வந்துவிடாது.

4. சட்டம் எவ்வளவு தூரம் போகும்?

1990-ல் பிரிட்டிஷ் அரசு, லைசென்ஸ் இல்லாமல் கூட்டம் நடத்துகிறவர்களுக்கு அபராதத்தை 20,000 பவுன் வரை உயர்த்தி, 6 மாத சிறையும் சேர்த்தது. 1992 மே மாதத்தில் காசில்மார்ட்டன் என்ற பொது மேய்ச்சல் நிலத்தில் குறைந்தது 20,000 பேர் திரண்டு ஒரு வாரம் அளவும் ஆடினார்கள். ஊர் ஜனங்களுக்குத் தூக்கமில்லை. அதன்பின் 1994-ல் வந்த குற்றவியல் சட்டம், அடுத்தடுத்து அதே அடியாய் வருகிற தாளம் என்று இந்த இசைக்கே ஒரு விளக்கம் எழுதி, திறந்தவெளி இராக்கூட்டங்களைக் கலைக்கப் போலீசுக்கு அதிகாரம் கொடுத்தது. 2020-ல் கொரோனா காலத்தில் 30 பேருக்கு மேல் கூட்டுகிறவர்களுக்கு 10,000 பவுன் அபராதம் என்றார்கள். அந்தக் கோடையிலும் ரகசியக் கூட்டங்கள் நடந்தன.

சட்டம் வேண்டும்தான். 2010-ல் இங்கிலாந்தில் மதுபானம் விற்கிற இடங்களெல்லாம் கேட்டால் இலவசமாகக் குழாய்த்தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று விதித்தார்கள். அது நல்ல சட்டம். ஆனால் சட்டம் ஜன்னலுக்குக் கம்பி போடும். விழுந்தவனைக் கட்டி அணைக்க அதற்குக் கை இல்லை.

5. சபைக்குள் அந்த விளக்கைப் போட்டால் போதுமா?

அப்படியும் ஒரு கூட்டத்தார் செய்து பார்த்தார்கள். ஷெஃபீல்டு பட்டணத்தில் 1986 முதல் 'நைன் ஓ'கிளாக் சர்வீஸ்' என்ற ஆராதனை நடந்தது. புகை, வெளிச்சம், நடன இசை எல்லாம் உண்டு. வாலிபர் நூற்றுக்கணக்கில் வந்தார்கள், பெரியவர்களும் மெச்சினார்கள். 1995-ல், அதை நடத்தினவர் தங்களைத் தகாத முறையில் நடத்தினார் என்று பெண்கள் வெளியே சொன்னார்கள். ஆராதனை நின்றுபோனது. 30 வருஷம் கழித்து 2025-ல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்த்தது.

இதைப் படித்துவிட்டு "பாருங்க, அந்த மேளம்தான் கெடுத்தது" என்று சொல்லாதிருங்கள். மேளம் செய்த குற்றம் அல்ல அது. கணக்குக் கேட்க ஒருவரும் இல்லாத அதிகாரம் செய்த குற்றம். அப்படிப்பட்ட அதிகாரம் ஆர்மோனியம் வாசிக்கிற சபைக்குள்ளும் நுழையலாம். பிள்ளைகளுக்கு ஆபத்து குடோனில் மட்டும் என்று நினைக்கிறவன் தன் வீட்டு ஜன்னலைப் பார்க்கவில்லை.

6. இறங்கிப் போனவர்கள்

2003-ல் லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் லெஸ் ஐசக் என்ற போதகர் 'ஸ்ட்ரீட் பாஸ்டர்ஸ்' என்ற ஊழியத்தைத் தொடங்கினார். பல சபைகளைச் சேர்ந்த சாதாரண விசுவாசிகள் பயிற்சி பெற்று, வெள்ளி, சனி இரவுகளில் 10 மணி போல வீதிக்கு இறங்கி, விடியற்காலம் 4 மணி வரை கிளப் வாசல்களில் நடக்கிறார்கள். இன்று பிரிட்டனின் எத்தனையோ பட்டணங்களில் இது நடக்கிறது.

அவர்கள் பையில் என்ன இருக்கும் தெரியுமா? தண்ணீர் பாட்டில், குச்சி மிட்டாய், ரப்பர் செருப்பு. செருப்பு எதற்கு என்கிறீர்களா? உயர்ந்த குதிகால் செருப்போடு இரவெல்லாம் ஆடின பெண்பிள்ளைகள் கால் வலி தாங்காமல் அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, உடைந்த கண்ணாடி கிடக்கிற தெருவில் வெறுங்காலோடு நடப்பார்கள். அந்தப் பாதங்களுக்குத்தான் செருப்பு. பாதங்களைக் குறித்து நம் ஆண்டவர் அன்று இரவு செய்தது நினைவுக்கு வருகிறதா? (யோவான் 13.)

அவர்கள் தெருவில் நின்று பிரசங்கம் பண்ணுவதில்லை. கேட்கிறார்கள், உட்காருகிறார்கள், தனியே விழுந்து கிடப்பவருக்கு டாக்சியோ ஆம்புலன்ஸோ கூப்பிடுகிறார்கள். வீதியில் ஒரு குழு நடக்கும்போது இன்னொரு குழு உட்கார்ந்து ஜெபித்துக்கொண்டிருக்கிறது. ஜெபமும் செருப்பும் ஒரே ஊழியம்!

7. நாம் செய்ய வேண்டியது

அ. பிள்ளையோடு முன்பே பேசுங்க. "எங்கே மாட்டிக்கிட்டாலும், எத்தனை மணியானாலும் எனக்குப் போன் பண்ணு. முதல்ல வீட்டுக்கு வா, பேச்செல்லாம் பிறகு" என்று தகப்பன் வாயால் பிள்ளை கேட்டிருக்க வேண்டும். திட்டுக்குப் பயந்துதான் விழுந்த சிநேகிதனை விட்டுவிட்டு ஓடுகிறார்கள்.

ஆ. ஆபத்தின் அடையாளங்களைத் தெரிந்துகொள்ளுங்க. சரீரம் நெருப்பாகக் கொதித்தல், உளறுதல், வலிப்பு, எழுப்பியும் எழும்பாமை — இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே ஆம்புலன்ஸ். பிரிட்டனில் 999, நம் ஊரில் 108. என்ன விழுங்கினான் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். குளிர்ச்சியான இடத்துக்குக் கொண்டுபோய், நினைவில்லாவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்க. தனியே விடாதீர்கள். தண்ணீரை மடமடவென்று ஊற்றாதீர்கள். நினைவோடு இருந்து ஆடுகிறவனுக்கும் மணிக்கு அரை லிட்டர் அளவு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

இ. சபையில் ஓரத்தில் உட்காருகிற வாலிபனைப் பாருங்க. கடைசி வரிசையில் வந்து, ஆமென் சொன்னதும் எழுந்து போகிறவன் யார்? அவன் பேர் உங்களுக்குத் தெரியுமா?

ஐத்திகு தூங்கினதற்காகப் பவுல் அவனைக் கடிந்துகொண்டதாக வேதத்தில் இல்லை. அவனைத் தூக்கி நிறுத்தின பிறகும் கூட்டம் முடிந்துபோகவில்லை. பவுல் மறுபடியும் மேலே ஏறி, அப்பம் பிட்டு, விடியுமளவும் பேசினார். இறங்கிப் போனதால் ஊழியம் கெட்டுப்போகவில்லை!

வீட்டு ஜெபக் கூட்டங்களில் கலந்து பேச:

1. நம் சபையில் ஒரு வாலிபனுக்குக் கிடைக்காத எந்த வரவேற்பு அவனுக்கு வெளியே கிடைக்கிறது?
2. இரவு 2 மணிக்கு நம் பிள்ளை தைரியமாகப் போன் செய்யக்கூடிய மூன்று பேர் யார்?
3. நம் ஊரில் 'இறங்கிப் போக' வேண்டிய இடம் எது? இந்த மாதத்திலேயே யார் போகலாம்?

கர்த்தர்தாமே உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.